கனடாவில் பிறந்து ஆக்ஸ்போர்டில் உறங்கும் நெல்லை சீமை போப் அய்யர்: கல்லறையில் எழுதி இருப்பது என்ன?

புளியறை:-

செங்கோட்டையை அடுத்த புளியறை தமிழ்நாட்டின் எல்லை கிராமம். செக்போஸ்ட்டை தாண்டி மலை ஏறினால் ஆரியங்காவு, கேரளா. இந்த பக்கம் தமிழ் போர்டு, அந்த பக்கம் மலையாள போர்டு.

மார்கழி மாதம் விடிகாலையில் இந்த பக்கம் வந்தால், மலைக்காற்று குளிரில் கோவில் ஸ்பீக்கரில் திருவெம்பாவை கேட்கும். மாணிக்கவாசகர் பாடிய திருவாசகத்தில் ஒரு பகுதிதான் அது.

அந்த திருவாசகம் முழுவதையும் இங்கிலீசில் எழுதி வெளிநாட்டுக்காரர்கள் படிக்க கொடுத்தவர் ஒரு வெள்ளைக்கார பாதிரியார். நம்ம பழைய நெல்லை ஜில்லாவில் பள்ளிக்கூடம் நடத்தியவர். அவர்தான் ஜி.யு.போப். அந்த காலத்து ஆட்கள் போப் அய்யர் என்றே சொல்வார்கள்.

அவருடைய கல்லறை இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் இருக்கிறது. அதைப்பற்றி தமிழ்நாடு முழுக்க ஒரு கதை உண்டு. இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான் என்று தன் கல்லறையில் எழுதச் சொல்லிவிட்டு போப் இறந்தார் என்பதுதான் அந்த கதை. பட்டிமன்றத்தில் சொல்வார்கள். பள்ளிக்கூட பேச்சுப்போட்டியில் பிள்ளைகள் மனப்பாடமாக சொல்லும். கேட்டதும் கைதட்டல் கிடைக்கும்.

ஆனால் அந்த கல்லில் அப்படி ஒரு வரியே கிடையாது!

அப்படியானால் என்னதான் எழுதி இருக்கு? அதை தெரிந்துகொள்ள, முதலில் அவர் கதையை தெரிந்துகொள்ள வேண்டும்.

பிறந்தது கனடா தீவில்

ஜார்ஜ் உக்ளோ போப் பிறந்தது 1820-ம் ஆண்டு ஏப்ரல் 24-ந்தேதி. பிறந்த இடம் கனடாவில் உள்ள பிரின்ஸ் எட்வர்டு தீவு. அப்பா ஜான் போப் வியாபாரி. அம்மா பெயர் கேதரின் உக்ளோ. போப் சின்ன பையனாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்துக்கு திரும்பிவிட்டது.

தென்னிந்தியாவுக்கு போய் மதப்பணி செய்யணும் என்று இளம் வயதிலேயே முடிவு செய்தார். அதற்காகத்தான் தமிழ் படிக்க ஆரம்பித்தார். அவருடைய முதல் தமிழ் பாடம் 1837-ல் நடந்தது. அப்போது அவருக்கு 17 வயது.

1839-ல் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது. அது திறந்தது 1869-ல்தான். ஆப்பிரிக்காவை சுத்திக்கொண்டு கப்பலில் மாசக்கணக்கில் வர வேண்டும். அந்த நேரத்தையும் வீணாக்காமல் கப்பலிலேயே தமிழ் படித்துக்கொண்டு வந்தார் அந்த 19 வயது பையன்.

சென்னையில் ராமானுஜ கவிராயர் என்ற பெரிய புலவரிடம் பாடம் கேட்டார். வாத்தியார் வைணவ புலவர். படிக்க வந்தவர் கிறிஸ்தவ பாதிரியார். ரெண்டு பேருக்கும் நடுவில் இருந்தது தமிழ் மட்டும்தான்.

சாயர்புரத்தில் கண்டிப்பு வாத்தியார்

1842-ல் போப் நெல்லை சீமைக்கு வந்தார். சாயர்புரத்தில் தங்கி வேலையை தொடங்கினார். தூத்துக்குடி பக்கம் இருக்கும் இந்த ஊர், சாமுவேல் சாயர் என்ற வியாபாரி வாங்கிக்கொடுத்த நிலத்தில் உருவானது. அப்போது தூத்துக்குடி தனி மாவட்டம் ஆகவில்லை. எல்லாமே நெல்லை ஜில்லாதான்.

நம்ம புளியறையும் செங்கோட்டையும் அந்த சமயம் திருவிதாங்கூர் ராஜா ஆட்சியில் இருந்தன. மொழிவாரியாக மாநிலங்களை பிரித்தபோது, 1956 நவம்பர் 1-ந்தேதிதான் செங்கோட்டை பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஒரு ஊர் எந்த மாநிலம் என்பதை மொழியே முடிவு செய்யும் என்பது இங்கே உள்ளவர்களுக்கு புதுசாக சொல்ல வேண்டிய விஷயம் இல்லை.

சாயர்புரத்தில் போப் ஒரு பள்ளிக்கூடத்தை வளர்த்தார். தமிழோடு கிரேக்கம், லத்தீன் என்று பாடங்கள் நடந்தன. பனங்காட்டு செம்மண் பூமியில் கிரேக்க பாடம்!

ஆனால் ஆள் ரொம்ப கண்டிப்பு. பையன்களுக்கு பொறுக்கவில்லை. அடிக்கடி சிறுசிறு கலகம் நடந்தது. போப்பிடம் இருந்த பெரிய குறை இந்த கண்டிப்புதான் என்றும், கடைசியில் அவர் சாயர்புரத்தை விட்டு போனதற்கு அதுவே காரணம் என்றும் இடையன்குடி கால்டுவெல் அய்யரே எழுதி வைத்திருக்கிறார்.

நெல்லை சீமையில் இன்னொரு அடியும் விழுந்தது. 1841-ல் கல்யாணம் செய்த மனைவி மேரி, 1845-ல் தூத்துக்குடியில் இறந்துபோனார். போப்புக்கு அப்போது 25 வயது. பின்னர் 1849-ல் ஹென்ரியட்டா என்ற பெண்ணை சென்னையில் மறுமணம் செய்தார். அவர் கடைசிவரை கூடவே இருந்தார்.

தஞ்சாவூர், ஊட்டி, பெங்களூர்

கல்யாணம் முடிந்து இங்கிலாந்துக்கு போய்விட்டு 1851-ல் திரும்பி வந்தார். இந்த தடவை தஞ்சாவூர். பிறகு 1850-களின் கடைசியில் ஊட்டிக்கு போய் அங்கே ஒரு பள்ளியை தொடங்கி நடத்தினார். 1871-ல் இருந்து பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளிக்கு தலைவராக இருந்தார்.

எந்த ஊருக்கு போனாலும் தமிழை மட்டும் விடவில்லை. தமிழ் படிக்க வரும் வெள்ளைக்காரர்களுக்காக இலக்கண புத்தகங்கள், பாட புத்தகங்கள் எழுதினார். படிப்படியாக சொல்லிக்கொடுக்கும் அந்த புத்தகங்கள் பல தடவை அச்சாயின. ஜில்லா கலெக்டராக வந்த துரைமார் பலர் தமிழ் எழுத்து கூட்டியது அவற்றை வைத்துத்தான்.

1882-ல் இந்தியாவை விட்டு புறப்பட்டார். அப்போது வயது 62. பிள்ளைகளில் மூன்று பேர் இந்தியா, பர்மா பக்கம் அரசு வேலைக்கு வந்தார்கள். அதில் ஒருவர் சென்னை மருத்துவ கல்லூரியில் கண் மருத்துவ பேராசிரியராக இருந்தார்.

62 வயதில் சாதாரணமாக யாரும் என்ன செய்வார்கள்? பென்சன் வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்காருவார்கள். போப்புக்கு பெரிய வேலையே அதற்கு பிறகுதான் ஆரம்பித்தது.

66 வயதில் திருக்குறள்

1884-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு ஆசிரியர் ஆனார். இந்தியாவுக்கு அதிகாரிகளாக வர இருந்த இளைஞர்கள் அவரிடம் வந்து தமிழ் படித்தார்கள். 1888-ல் அங்குள்ள பாலியல் கல்லூரிக்கு சாமியாராகவும் சேர்ந்தார்.

1886-ல் திருக்குறள் வெளிவந்தது. 1,330 குறளையும் இங்கிலீஷ் செய்யுளாகவே எழுதி இருந்தார். அப்போது அவருக்கு வயது 66.

அந்த புத்தகத்தில் அவர் சொன்ன ஒரு கருத்து நம்ம ஆட்களுக்கு பிடிக்கவில்லை. மயிலாப்பூரில் இருந்த திருவள்ளுவர் அந்த பக்கம் வந்த கிறிஸ்தவர்களின் போதனையை கேட்டிருக்கலாம் என்று ஊகம் செய்திருந்தார். அதற்கு ஆதாரம் கிடையாது. தமிழ் அறிஞர்கள் அதை ஏற்கவில்லை.

இதையும் மறைக்க வேண்டியது இல்லை. அவர் மதம் பரப்பத்தான் வந்தார். ஆனால் வந்த இடத்தில் தமிழிடம் மாட்டிக்கொண்டார். ரெண்டுமே உண்மை.

1893-ல் நாலடியார் வந்தது. 400 பாட்டு. அப்போது வயது 73. புறநானூறு பாடல்கள் சிலவற்றையும் மொழிபெயர்த்து பத்திரிகைகளில் எழுதினார்.

நடுராத்திரி பேச்சு

அடுத்து திருவாசகம். 51 பதிகங்கள். படிக்கவே மனசு உருகும் என்று நம்ம ஊரில் சொல்லும் புத்தகம். அதை வேறு மொழியில் கொண்டு போவது சாமானிய வேலை இல்லை.

பாலியல் கல்லூரிக்கு அப்போது தலைவராக இருந்தவர் பெஞ்சமின் ஜோவெட். பிளாட்டோவின் நூல்களை கிரேக்கத்தில் இருந்து இங்கிலீசுக்கு கொண்டுவந்த பெரிய அறிஞர். போப்பைவிட 3 வயது மூத்தவர்.

ஒரு நாள் நடுராத்திரி ரெண்டு பேரும் கல்லூரி முற்றத்தில் பேசிக்கொண்டே நடந்தார்கள். பேச்சு திருவாசகம் பக்கம் வந்தது. அதை கட்டாயம் அச்சில் கொண்டுவர வேண்டும் என்றார் ஜோவெட். போப் தயங்கினார். இது நீண்டகால வேலை, எனக்கோ வயசாகிவிட்டது, அதுவரை இருப்பேனோ என்னவோ என்ற அர்த்தத்தில் பதில் சொன்னார்.

ஜோவெட் சட்டென்று திரும்பினார். நிலா வெளிச்சத்தில் அவருடைய நரைத்த தலை பளபளத்தது. போப்பின் தோளில் கையை வைத்தார். பெரிய வேலை ஒன்றை கையில் வைத்திருப்பதுதான் ரொம்ப நாள் வாழ வழி என்றும், அதை முடிக்கிறவரை நீங்கள் உயிரோடு இருப்பீர்கள் என்றும் சொன்னார். இதை போப்பே திருவாசக புத்தகத்தின் முன்னுரையில் எழுதி இருக்கிறார்.

தைரியம் சொன்ன ஜோவெட் 1893-ல் இறந்துவிட்டார். தைரியம் கேட்டவர் இருந்தார். வேலையை முடித்தார்.

1900 ஏப்ரல் 24. போப்புக்கு அன்று 80 வயது நிறைந்தது. அந்த பிறந்தநாள் தேதியை போட்டுத்தான் திருவாசக முன்னுரையை முடித்தார். 1837-ல் முதல் பாடம், 1900-ல் திருவாசகம். கணக்கு போட்டால் 63 வருஷம்.

1906-ல் லண்டன் ராயல் ஆசியாட்டிக் சொசைட்டி அவருக்கு தங்கப்பதக்கம் கொடுத்தது. 1908 பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டில் காலமானார். அப்போது வயது 87.

கல்லறை தோட்டத்தில் ஒரு நடை

அவரை அடக்கம் செய்தது ஆக்ஸ்போர்டு வால்டன் தெருவில் உள்ள செயின்ட் செபல்கர் கல்லறை தோட்டத்தில்.

நம்ம ஊரில் சும்மா நடந்துவிட்டு வருகிறேன் என்று கல்லறை பக்கம் போனால் வீட்டில் விட மாட்டார்கள். போய்வந்தால் குளித்துவிட்டுத்தான் வாசல்படி ஏறணும். நவம்பர் 2 கல்லறை திருநாள் அன்று மட்டும்தான் பூவும் மெழுகுவர்த்தியுமாக கூட்டம் போகும். ஆனால் ஆக்ஸ்போர்டுகாரர்களுக்கு இந்த தோட்டம் நடந்து ரசிக்கிற இடம்.

லண்டனில் இருந்து ஆக்ஸ்போர்டு சுமார் 90 கிலோ மீட்டர். பஸ்சும் உண்டு, ரெயிலும் உண்டு. வால்டன் தெருவில் வடக்கே பார்த்து நடந்தால் முதலில் வருவது ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம். பெரிய அரண்மனை மாதிரி கட்டிடம். போப்பின் நாலடியாரையும் திருவாசகத்தையும் புத்தகமாக கொண்டுவந்தது இந்த அச்சகம்தான்.

அதே தெருவில் இன்னும் கொஞ்ச தூரம் நடந்தால், கட்டிடங்களுக்கு நடுவே ஒரு சந்து. அதன் முடிவில் பழங்கால வாசல். வாசலோடு சேர்ந்தே காவல்காரர் வீடு. உள்ளே போனதும் தெரு சத்தம் அடங்கிவிடும்.

இந்த தோட்டம் 1848-ல் உருவானது. அப்போது ஊருக்குள் சர்ச்சுகளை சுற்றி இருந்த கல்லறைகளில் இடமே இல்லாமல் போச்சு. அதனால் ஊருக்கு ஒதுக்குப்புறமாக இந்த இடத்தை பார்த்தார்கள். இப்போது ஊர் வளர்ந்து இதை சுற்றிக்கொண்டது. நடுவில் இருந்த சின்ன ஜெபக்கூடத்தை 1970-ல் இடித்துவிட்டார்கள். புதுசாக யாரையும் இங்கே புதைப்பதும் நின்று ரொம்ப காலம் ஆச்சு.

இப்போது பெரிய பெரிய மரங்கள். நடுவே நடைபாதை. ரெண்டு பக்கமும் புல். பாசி பிடித்த கல்சிலுவைகள். சில கல் சாய்ந்து நிற்கும். சில கல்லில் எழுத்தே அழிந்துபோச்சு. உள்ளூர் ஆட்கள் ஒரு குழுவாக சேர்ந்து தோட்டத்தை பார்த்துக்கொள்கிறார்கள். எந்த கல்லறை யாருடையது, அவர் என்ன செய்தார் என்று ஒவ்வொன்றாக விவரம் சேகரித்து வைத்திருக்கிறார்கள்.

பல்கலைக்கழக அச்சகத்தை நடத்திய தாமஸ் கோம்ப் இங்கேதான் இருக்கிறார். கல்லூரி பேராசிரியர்கள், கடைக்காரர்கள், கைத்தொழிலாளிகள், சின்ன குழந்தைகள் என்று எல்லோரும் பக்கத்து பக்கத்தில்.

இன்னொரு கல்லில் பெஞ்சமின் ஜோவெட் என்று பெயர் இருக்கும். ஆமாம், அதே ஜோவெட்தான். திருவாசகத்தை முடிக்கிறவரை உயிரோடு இருப்பீர்கள் என்று தோளில் கைவைத்து சொன்னவரும், சொன்னபடி முடித்துக்காட்டியவரும் ஒரே தோட்டத்தில் உறங்குகிறார்கள்.

கல்லில் இருப்பது இதுதான்

இப்போது போப் கல்லறைக்கு வருவோம்.

அந்த கல்லில் அவர் பெயர், டாக்டர் பட்டம், பிறந்த தேதி, இறந்த தேதி எல்லாம் இருக்கு. பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் சொல்லிக்கொடுத்தவர், பாலியல் கல்லூரி சாமியார் என்ற விவரமும் இருக்கு.

முக்கியமான விஷயம் ரெண்டு.

ஒன்று, பெயருக்கு பக்கத்திலேயே அவரை தென்னிந்தியாவை சேர்ந்தவர் என்று எழுதி இருக்கிறார்கள். பிறந்தது கனடா. வளர்ந்தது இங்கிலாந்து. உயிர் போனது ஆக்ஸ்போர்டில். ஆனாலும் அவருக்கு ஊர் என்று கல்லில் எழுதியது தென்னிந்தியாவை!

ரெண்டாவது, அந்த கல்லை வைத்தது யார் என்ற விவரம். போப்பின் குடும்பத்தாரும், தென்னிந்தியாவில் உள்ள தமிழ் நண்பர்களும் சேர்ந்து இதை வைத்தார்கள் என்று தெளிவாக எழுதி இருக்கு. கீழ்த்திசை இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் ஆயுசு முழுக்க உழைத்த உழைப்பை மெச்சி, அன்போடு வைத்த கல் என்றும் அதில் இருக்கு.

அதாவது, கடல்தாண்டி கிடக்கும் ஒரு வாத்தியாரின் கல்லறைக்கு தமிழர்கள் கல் வைத்திருக்கிறார்கள். விமானம் இல்லாத காலம். நாடு வெள்ளைக்காரன் கையில் இருந்த காலம். 1908 என்றால் நெல்லையில் வ.உ.சி. கைதாகி ஊரே கொந்தளித்த அதே வருஷம். ஆளவந்த வெள்ளைக்காரன் வேறு, மொழி படிக்க வந்த வெள்ளைக்காரர் வேறு என்று பிரித்து பார்க்க அன்றைக்கு இருந்த தமிழர்களுக்கு தெரிந்திருந்தது.

தமிழ் மாணவன் என்ற வரி கல்லில் இருந்தால், அது போப் தன்னைப்பற்றி தானே சொல்லிக்கொண்டதாக இருக்கும். இப்போது இருப்பது, தமிழர்கள் அவரைப்பற்றி சொன்னது. எது பெரிசு? படிக்கிற நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

கட்டுக்கதை எதுக்கு?

போப்புக்கு நம்ம ஊரில் மரியாதைக்கு குறைவு இல்லை. 1968-ல் சென்னையில் 2-வது உலக தமிழ் மாநாடு நடந்தபோது மெரினா கடற்கரையில் அவருக்கு சிலை வைத்தார்கள். கண்ணகி, வள்ளுவர், பாரதி சிலைகளோடு அவர் சிலையும் கடலோரம் நிற்கிறது. சாயர்புரத்தில் அவர் பெயரில் கல்லூரியே இருக்கு. புளியறையில் பஸ் ஏறினால் தென்காசி, நெல்லை வழியாக ஒரு பகலில் அங்கே போய் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

இவ்வளவு உண்மை கையில் இருக்கும்போது கட்டுக்கதை தேவையே இல்லை. பேச்சுப்போட்டிக்கு போகும் பிள்ளைகளுக்கு அப்பா, அம்மா சொல்லிக்கொடுக்க வேண்டியது ரொம்ப லேசான விஷயம்தான். 17 வயதில் முதல் பாடம், 66-ல் குறள், 73-ல் நாலடியார், 80-ல் திருவாசகம். கல்லறையில் தமிழ் நண்பர்கள் வைத்த கல். இதை சொன்னாலே கைதட்டல் வரும். பரிசும் வரும்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் தென்காசி, செங்கோட்டை பகுதி பிள்ளைகள் இப்போது ஏராளம். லண்டன் பக்கம் இருப்பவர்கள் ஒரு லீவு நாளில் ஆக்ஸ்போர்டு போனால், வால்டன் தெரு சந்துக்குள் நுழைந்து ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம். பகலில் போனால் வாசல் திறந்திருக்கும். டிக்கெட் கிடையாது. வீட்டில் யாரும் குளிக்க சொல்லவும் மாட்டார்கள்.